கூரை முகட்டில் பிரியும் மழை

சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீடு
மேட்டின் உச்சந்தலையில் இருக்கிறது.
காற்றடித்தால் முதலில் எங்கள் கொடித்துணிதான் பறக்கும்,
மழை வந்தால் முதலில் எங்கள் கூரைதான் பேசும்.

கூரைக்கு நடுவில் ஒரு முதுகெலும்பு.
அதன்மேல் ஒரு துளி விழுகிறது, பாருங்கள்.
விழுந்து ஒரு கணம் யோசிக்கிறது.
முன்பக்கம் சரிந்தால் உம்ஹ்லதுசானா ஆறு,
பின்பக்கம் சரிந்தால் உம்லாஸ் ஆறு.
ஒரே மேகத்துப் பிள்ளைகள்.
ஒன்று டர்பன் துறைமுகத்தில் கப்பல் பார்க்கும்,
மற்றது சிமெண்ட் கால்வாய் வழியே
நேரே கடலுக்குப் போய்விடும்.
அக்காவிடம் சொன்னேன்.
"போய்க் கணக்கைப் போடு" என்றாள்.

நம்பாவிட்டால் ஒரு காகிதத்தைக் கசக்குங்கள்,
நன்றாக, கோபம் வந்ததுபோல.
பாதி விரித்து, மேடுகளில்
பேனா மையால் கோடு இழுங்கள்.
மேலே தண்ணீர் தெளியுங்கள்.
எந்தெந்த மடிப்பிலிருந்து மை ஓடிவந்து
ஒரு குழியில் சேர்கிறதோ
அந்த மடிப்பெல்லாம் அந்தக் குழிக்குச் சொந்தம்.
பெரியவர்கள் அதை நீர்ப்பிடிப்பு என்பார்கள்.
நான் மடி என்பேன்.
ஓடை குழந்தை மாதிரி நடுவில் கிடக்கும்,
நிலம் சுற்றிலும் மடி கூட்டியிருக்கும்.

முன்பக்கத்து ஓடை சின்னது.
செருப்பு நனையாமல் சண்டிலே தாண்டிவிடுவான்,
எனக்கு ஒரு கால் நனையும்.
வரைபடத்தில் அதற்குப் பெயரில்லை,
நீலக் கோடுகூட இல்லை.
கரையில் காட்டுவாழை, உண்ணிச்செடி,
யாரோ தள்ளிவிட்ட கடை டிராலி,
அதன்மேல் உட்கார்ந்து
தொண்டை கிழியக் கத்தும் ஹடீடா.
கல்லைப் புரட்டினால்
வாலில் மூன்று நூல் வைத்த பூச்சிக் குட்டி.
அது இருந்தால் ஓடைக்குச் சுகம்.
அது போய்ச் சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால்
ஓடைக்குக் காய்ச்சல்.
சண்டிலே வாரம் ஒருமுறை எண்ணுவான்,
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுவான்.

காவடிக்கு முந்திய வாரம்
அப்பா வாசல் சுவருக்கு நீலம் அடித்தார்.
பிரஷ்ஷைக் கழுவியது நான்.
நீலம் சுழன்று சுழன்று
தெரு வடிகால் கம்பிக்குள் போனது.
போனது என்றால் போனதுதான் என்று நினைத்தேன்.

கழிவறைத் தண்ணீருக்கு வேறு குழாய்.
அது சுத்தம் செய்கிற இடத்துக்குப் போய்
முகம் கழுவிக்கொண்டுதான் வெளியே வரும்.
தெரு வடிகாலுக்கு அந்த மரியாதை கிடையாது.
கொடுத்ததைக் கொடுத்தபடி
ஓடையின் வாயில் ஊற்றிவிடும்.
அன்றைக்கு எனக்குத் தெரியாது.

மறுநாள் சண்டிலே கதவைத் தட்டினான்.
நீலம் எங்கிருந்து வருகிறது என்று
குழாய் குழாயாகக் குனிந்து பார்த்துக்கொண்டே
மேடேறி வந்திருக்கிறான்.
கார் கழுவும் இடத்தில் கேட்டானாம்,
ரொட்டிக் கடையில் கேட்டானாம்,
நாய் ஒன்று துரத்தியதாம்.
எங்கள் சுவரைப் பார்த்தான்.
என் நகங்களைப் பார்த்தான்.
திட்டவில்லை. நோட்டைத் திறந்து காட்டினான்.

மூன்று நூல் வால், போன வாரம்: பதினேழு.
இன்று: ஒரு வட்டம்.
பக்கத்தில் "காரணம்" என்று எழுதி
இடம் விட்டிருந்தான்.
பென்சிலால் லோகேஷ்னி என்று எழுதினான்.
"அழித்துவிடலாம்" என்றான்.
வேண்டாம் என்றேன்.

பிறகு மழை பெய்தது. இன்னும் பெய்தது.
மேலே நல்ல கற்களுக்கடியில் ஒளிந்திருந்தவை
மெல்லக் கீழே இறங்கின போலிருக்கிறது.
நான்காம் வாரம் இரண்டு.
ஆறாம் வாரம் ஐந்து.
இன்னும் பதினேழு ஆகவில்லை.

இன்று மறுபடி தூறல்.
முகட்டில் ஒரு துளி யோசிக்கிறது,
பின்பக்கமாகச் சரிகிறது.
அந்தப் பக்கத்து ஓடையை
இதுவரை யாரும் எண்ணியதில்லை.
கடைசிப் பக்கம் காலியாக இருக்கும்
பழைய நோட்டு ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.